மேம்படுத்தப்பட்ட கடைசி அத்தியாயம்

லிப்ட்காரருக்குப் புத்தகங்களின் மேல் எந்தப் பகையும் கிடையாது. படிக்கிறவர்களைக் கண்டால் தொந்தரவு செய்யாமல் ஒதுங்கிப் போவார், அவ்வளவுதான். உயரமான கட்டடங்களில் நடுவழியில் நின்றுபோகும் லிப்டுகளைச் சரிசெய்வது அவர் வேலை. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கூப்பாடு போடும்போது, வெளியே நிதானமாக ஸ்பேனரைத் தேடுகிற மனிதர். அப்படிப்பட்டவரையும் ஒரு நாவல் இருப்புக்கொள்ளாமல் அலைய வைத்தது என்றால், அதற்கு அவருடைய அக்காதான் காரணம்.

அக்கா டயர் கடையில் பில் போடுகிறவள். மேசைக்கு அடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தே பாதி ஆயுளைக் கழித்தவள். இப்போது புத்தகம் என்றால் பலகைதான். வாசிப்பு மேம்பாட்டுக் கழகம் என்று ஒன்றை ஏற்படுத்தி, ஊரிலிருந்த அச்சுப் புத்தகங்களையெல்லாம் மூட்டை கட்டி வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக ஆளுக்கொரு கண்ணாடிப் பலகையைக் கையில் கொடுத்திருந்தார்கள். எந்தப் புத்தகமும் இனி அதில்தான் வரும். புத்தகம் வருகிறதோ இல்லையோ, மேம்பாடு தவறாமல் வரும்.

அக்காவுக்குத் திடீரென்று ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் ஆகி, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, உள்ளே ஏதோ ஜவ்வு விலகியிருக்கிறது, மற்றக் கண்ணிலும் விலகப் பார்க்கிறது என்றார்கள். ஆபரேஷன் வரைக்கும் அசையக்கூடாது என்று இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்கப் போட்டுவிட்டார்கள். அவள் அப்போது, பலகை வந்தபின் எடுத்த முதல் தடித்த நாவலின் பின்பாதியில் இருந்தாள். ஆகவே மீதியை வாசித்துக் காட்டும் வேலை தம்பியின் தலையில் விழுந்தது.

அந்த வேலையைப் பலகை லேசில் செய்யவிடாது. கண் சற்று ஜன்னல் பக்கம் போனால் மணியடிக்கும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஒரு பெண் குரல், "அருமை. நீங்கள் ஒரு பக்கம் வாசித்துவிட்டீர்கள்," என்று பாராட்டும். பள்ளிக்கூடத்தில்கூட அவரை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை என்பதால், முதல் நாள் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. மறுநாள் பக்கத்துக் கட்டில்காரர் பலகையைப் பிடுங்கி எறியப் பார்த்தார்.

கதை இதுதான். வீட்டைவிட்டுப் போன தங்கையைத் தேடி ஓர் அக்கா ஊர் ஊராக அலைகிறாள். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், முன்பின் தெரியாத ஒரு தெருவில், ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே காலடிச் சத்தம் கேட்கிறது. தாழ்ப்பாள் அசைகிறது. அத்தோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது. லிப்ட்காரர் பலகையை மூடிவைத்துவிட்டு, வராந்தாவில் மேலும் கீழும் நடந்தார். தட்டுகிறவர்களை அவர் வாழ்க்கையில் நிறையப் பார்த்திருக்கிறார். இப்படி ஒருத்தி தட்டிவிட்டு நின்றுகொண்டே இருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மதியத்துக்கு மேல் ஆபரேஷன். காலையில் பலகையைத் திறந்தால், முதலில் மேம்பாடு வந்து உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் புதிதாக ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது. "மகிழ்ச்சியான செய்தி. இனி உங்கள் பலகை உங்களையும் கேட்கும்," என்றது பெண் குரல். பிறகு கடைசி அத்தியாயம் வந்தது. பழைய காகிதத்தின் வாசனை அடித்தது. எங்கிருந்தோ வயலின் கிளம்பியது. பலகை லேசாக நடுங்கியது. எழுத்து மட்டும் வரவில்லை. கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும் வெறும் வெள்ளை.

"படிடா," என்றாள் அக்கா.

"எழுத்தே இல்லக்கா."

"வெளிச்சத்தக் கூட்டிப் பாரு."

"வெளிச்சமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாசனைகூட வருது. எழுத்துதான் காணோம்."

அக்காவின் கட்டுப்போட்ட முகத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை.

"மதியம் தள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க," என்றாள். "கண்ணு வரும்னு டாக்டரே அடிச்சுச் சொல்ல மாட்டேங்கிறாரு. அதையே நெனச்சுக்கிட்டு அந்த மேசைல படுக்க என்னால ஆகாதுடா. அவ தங்கச்சி கெடச்சாளா இல்லையான்னு தெரிஞ்சிட்டா, அத நெனச்சுக்கிட்டுப் படுத்துடுவேன்."

அக்கா யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். கேட்டது ஒரே ஓர் அத்தியாயம். லிப்ட்காரர் பலகையைக் கருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு, "தோ வந்துடறேன்," என்று கிளம்பினார்.

வாசிப்பு மேம்பாட்டுக் கழகம் பளபளவென்று கண்ணாடியால் ஆன கட்டடம். வாசலில் இருந்த பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரைப் பாக்கணும் சார்?" என்றாள்.

"ஒரு புத்தகத்தோட கடைசி அத்தியாயம் வேணும்மா."

"நீங்க ஒப்பந்ததாரரா, விருந்தினரா?"

"படிக்கிறவன்."

அந்தப் பெண் திரையில் மேலும் கீழும் தேடினாள். "அப்படி ஒரு பிரிவே இல்லையே சார்."

"வாசகர்னு போட்டுப் பாருங்க."

"வாசகர் யாரும் இங்க வர்றதில்ல சார். வாசகரப் பத்தின ஆராய்ச்சி மட்டும் மேல மாடியில நடக்குது. அவங்களும் இதுவரைக்கும் யாரையும் பாத்ததில்ல."

அவர் காலை மாற்றி மாற்றி நின்றார். அப்போதுதான் அவள் கண் அவருடைய சட்டைப் பையில் தைத்திருந்த லிப்ட் கம்பெனியின் பெயரில் விழுந்தது. முகம் மலர்ந்தது.

"லிப்ட் பாக்க வந்தீங்களா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா சார். வாசனைப் பிரிவுத் தலைவர் காலையிலேர்ந்து உள்ள மாட்டிக்கிட்டு இருக்காரு."

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. லிப்டைத் தாண்டிப் படியேறிவிடலாம் என்றுதான் பார்த்தார். ஆனால் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டதும் கை சும்மா இருக்கவில்லை. திட்டிக்கொண்டே பையைத் திறந்து, கதவை நெம்பி, ஆளை வெளியே இழுத்துவிட்டார். வாசனைப் பிரிவுத் தலைவர் நன்றி சொல்வதற்கு முன்னால் அவர் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"கிரீஸ். கூடவே வேர்வை. கொஞ்சம் பதற்றமும் இருக்கு," என்றார் பரவசமாக. "தொழிலாளர் நாவல்களுக்கு இந்த வாசனையத்தான் ரொம்ப நாளாத் தேடிக்கிட்டிருக்கோம்."

கேட்காமலே ஒரு பஞ்சை எடுத்து அவர் உள்ளங்கையைத் துடைத்துக் குப்பியில் போட்டு மூடினார். லிப்ட்காரர் அவசரம் அவசரமாக அக்காவையும் ஆபரேஷனையும் கடைசி அத்தியாயத்தையும் சொன்னார். தலைவர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார்.

"எங்க ஆராய்ச்சி என்ன சொல்லுது தெரியுமா? முக்காவாசிப் பேரு புத்தகத்த வாங்கினதும் ஒருதரம் மோந்து பாத்துட்டு வச்சிடறாங்க. சரி, அந்த முகர்ற சந்தோஷத்தையே முழுசா குடுத்துடுவோம்னு இறங்கினோம். உங்க கடைசி அத்தியாயத்துல பழைய காகிதம், மழ, அப்புறம் மரக்கதவு, மூணு வாசனை இருக்கு. எல்லாம் என் கையால கலந்தது."

"சரிங்க. அந்தக் கதவத் தொறந்தது யாரு?"

"அது உள்ளடக்கம். எங்க பிரிவு இல்ல."

"உள்ளடக்கம்னா?"

"அதான், நடுவுல கறுப்பா இருக்குமே," என்று தலைவர் விரல்களால் காற்றில் பூச்சி பிடிப்பதுபோல் காட்டினார். "ஓசைப் பிரிவுல கேட்டுப் பாருங்க."

ஓசைப் பிரிவில் ஓர் அதிகாரி வலது கட்டைவிரலில் வெல்வெட் உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாப் பலகைகளிலும் பக்கம் புரளும் சத்தம் அந்தக் கட்டைவிரலில் பிறந்தது. அதனால் அவர் அதைக்கொண்டு வேறெதையும் தொடுவதில்லை, சட்டைப் பொத்தானைக்கூட உதவியாளர்தான் போட்டுவிடுவார் என்று உதவியாளரே சொன்னார். கடைசி அத்தியாயம் என்றதும் அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

"அதுல கடைசிப் பக்கத்தப் புரட்டும்போது ஒரு சின்னத் தயக்கம் கேக்கும், கவனிச்சீங்களா? அதுக்காக நான் வருஷக்கணக்கா உழைச்சேன்."

"கேட்டேங்க. நல்லா இருந்துச்சு. அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

அதிகாரி அவரை விசித்திரமாகப் பார்த்தார். "புரட்டும்போது எப்படிங்க படிக்கிறது?"

லிப்ட்காரரின் செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். "எங்க சார் இருக்கீங்க? முன்னாடி போனவங்களுக்குச் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. அக்காவ முன்கூட்டியே கூப்பிட்டுடுவாங்க போல." அதற்குமேல் யாரிடமும் வழி கேட்காமல் இரண்டிரண்டு படியாகத் தாவி, இயக்குநரின் அறைக்குள் நேராக நுழைந்துவிட்டார். இயக்குநரின் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. கிட்டே போனபோதுதான் அது அலமாரியின் படம் என்று தெரிந்தது.

"ஐயா, கடைசி அத்தியாயம் வெறுமையா இருக்கு," என்றார் மூச்சு வாங்க.

இயக்குநர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். "நீங்க... கடைசி அத்தியாயம் வரைக்கும் போனீங்களா?"

"ஆமாங்க."

"முந்தின பக்கமெல்லாம் படிச்சிட்டா?"

"அப்படித்தானே போவாங்க?"

இயக்குநர் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுமையோடு விளக்கினார்.

"பாருங்க, மேம்பாடு வைக்க இடம் வேணும். வாசனை, ஓசை, வயலின், பாராட்டு, எல்லாத்துக்கும் இடம் வேணும். புத்தகத்துல எது இடத்த அடைச்சிக்கிட்டிருக்குன்னு நிபுணர் குழு வச்சுப் பாத்தோம். எழுத்து. எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் எழுத்து. முன்னாடியிருந்து எடுத்தா கண்டுபிடிச்சிடுவாங்க. அதனால பின்னாடியிருந்து எடுத்தோம். எல்லாப் புத்தகத்துலயும்தான்."

"யாரும் கேக்கலையா?"

"ஒருத்தர்கூடக் கேக்கல. அதுதான் எங்க சாதனை. ஆரம்பத்துலயே வாசகருக்கு அவ்வளவு பாராட்டு கெடைச்சிடுது. அதுக்கு மேல படிக்க வேண்டிய தேவையே அவருக்கு வர்றதில்ல."

"எடுத்தத எங்க வச்சிருக்கீங்க?"

"வச்சிருந்தா எப்படிங்க இடம் மிச்சமாகும்?"

"எழுதினவர்கிட்ட கேக்கலாமே."

"அவர்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். எதுக்கு இவ்வளவு நீளம்னு. அன்னிக்குப் போனவர்தான்."

லிப்ட்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். விட்டால்தானே. அதற்குள் இயக்குநர் மணியை அழுத்திவிட்டார். கழகத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு புத்தகத்தின் முடிவை ஒருவர் எட்டியிருக்கிறார் என்ற செய்தி மாடி மாடியாகப் பரவியது. ஊழியர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தொட்டுக்கூடப் பார்த்தார். அக்கா ஆபரேஷன், அவசரம் என்று அவர் சொன்னதையெல்லாம் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அரங்கத்துக்குள் தள்ளிக்கொண்டு போய் மேடையில் உட்கார வைத்தார்கள். கழகத்தின் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, நான் புத்தகம் படிப்பதில்லை. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையோடு சொல்கிறேன். பாலம் கட்டுகிறவன் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தால் பாலத்தை யார் கட்டுவது? வாசிப்புக்கு இடையூறாக இருந்தவற்றை ஒவ்வொன்றாக அகற்றினோம். காகிதத்தை அகற்றினோம். கனத்தை அகற்றினோம். சலிப்பை அகற்றினோம். இன்று அகற்றுவதற்கு வாசிப்பைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை என்ற நிலைக்கு வந்திருக்கிறோம்."

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. லிப்ட்காரரின் தொடை தானாக ஆடிக்கொண்டிருந்தது. கையில் கேடயத்தைக் கொடுத்துப் படமெடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். செல்போன் மறுபடி அடித்தது. அவர் கேடயத்தோடு மேடையிலிருந்து குதித்து, யாரும் பிடிப்பதற்குள் படியிறங்கி ஓடினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவை ஏற்கெனவே தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"கெடச்சுதாடா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கட்டுப்போட்ட முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. அவள் கை போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தது.

"கெடச்சுது," என்றார்.

பலகையைத் திறந்தார். வயலின் கிளம்பியது. மழை வாசனை அடித்தது. வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"அவள் கதவின் முன்னால் நின்றாள். உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. ரொம்ப நாளாகத் திறக்காத கதவு. கீல் துருப்பிடித்திருந்தது. கொஞ்சம் கிரீஸ் போட்டிருந்தால் இந்தக் கஷ்டம் இருந்திருக்காது."

"சார், ஒதுங்குங்க, வண்டி போகணும்," என்றாள் நர்ஸ்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர். உள்ளேயிருந்து இழுத்தார்கள். வெளியேயிருந்து இவள் தள்ளினாள்."

"நிமிஷமெல்லாம் கெடையாது. டாக்டர் கை கழுவியாச்சு."

வண்டி நகர்ந்தது. அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினார். "கதவு நகர்ந்தது. முதலில் ஒரு இடுக்கு. அந்த இடுக்கில் ஒரு கை தெரிந்தது. அந்தக் கை..."

ஆபரேஷன் அறையின் கதவு வந்துவிட்டது. "யாரு கைடா?" என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது. அவருக்கும் தெரியவில்லை யார் கை என்று.

கண் வந்துவிட்டது. கட்டைப் பிரித்ததும் அக்கா முதலில் டாக்டரைப் பார்த்து, இரண்டாவதாகத் தம்பியைப் பார்த்து, "ஏன்டா இளைச்சுப் போயிட்ட?" என்றாள். கொஞ்ச நாளைக்குப் படிக்கக் கூடாது, அழக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் பேச்செடுக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகிற இடத்தில் எந்த லிப்ட் கதவின் இடுக்கைப் பார்த்தாலும் அவருக்கு மனசு நிலைகொள்ளவில்லை.

இதற்கிடையில் பலகை தன் வேலையைப் பார்த்திருந்தது. சிவப்புப் பொட்டு வழியாக வராந்தாவில் கேட்டது அத்தனையையும் எழுத்தாக்கிக் கழகத்துக்கு அனுப்பியிருந்தது. கழகம் அதை "மேம்படுத்தப்பட்ட முடிவு" என்று எல்லாப் பலகைகளுக்கும் அனுப்பிவிட்டது. காலியாக இருந்த இடத்தில் எழுத்து வந்ததும் ஒரு பரபரப்பு கிளம்பி, ஆட்கள் நேராகக் கடைசி அத்தியாயத்தைப் போய்ப் படித்தார்கள். விமரிசகர்கள் பிரிந்து நின்று மோதினார்கள். கடைசிப் பக்கத்தில் திடீரென்று நுழையும் நர்ஸ் காலத்தின் குறியீடு என்றார் ஒருவர், அரசின் குறியீடு என்றார் இன்னொருவர். கை கழுவிய டாக்டரைப் பற்றி மட்டும் ஒரு முழுநாள் கருத்தரங்கு நடந்தது. கிரீஸைப் பற்றி எல்லோரும் மரியாதையோடு பேசினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இயக்குநரே வீடு தேடி வந்துவிட்டார். லிப்ட்காரருக்கு நாற்காலியை இழுத்துப் போடக்கூட நேரம் கொடுக்கவில்லை.

"அந்தக் கை யாரோடதுன்னு மட்டும் சொல்லிடுங்க," என்றார். "ஜனங்க தூங்க மாட்டேங்கிறாங்க. கழகத்துக்கு வாசகர்களே நேர்ல வர ஆரம்பிச்சிட்டாங்க. வாசல்ல அவங்களுக்குன்னு ஒரு பிரிவே இல்லாம தெணறிக்கிட்டிருக்கோம். முடிவுப் பிரிவுன்னு ஒண்ணு தொடங்கி உங்களையே தலைவராப் போட்டுடறோம்."

"எனக்கே தெரியாது சார்."

"பரவாயில்ல. எப்பத் தெரிஞ்சாலும் சரி. பலகை பக்கத்துலயே இருக்கட்டும்," என்று இயக்குநர் சிவப்புப் பொட்டை அன்போடு பார்த்துவிட்டுப் போனார். "அது கேட்டுக்கிட்டே இருக்கும்."

அவர் தலை மறைந்ததும் அக்கா உள்ளறையிலிருந்து வந்தாள். பலகையை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைத் திறந்து, முதன்முதலாகத் தன் கண்ணால் படித்தாள். பாதியிலேயே தோள் குலுங்க ஆரம்பித்தது.

"'ஒதுங்குங்க, வண்டி போகணும்'னு கதையில யாருடா சொல்றா?"

லிப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "கெடைக்கலக்கா. அங்க ஒண்ணுமே இல்ல. நானா சொன்னதுதான்."

"தெரியும். எந்தக் கதைக்காரன்டா கீலுக்குக் கிரீஸ் போடுவான்?"

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்தியிருப்ப." அக்கா சிரிப்பதை விட்டுவிட்டாள். "மேசைல படுத்துக்கிட்டு அந்தக் கையையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். வேற எதுவும் நெனப்புலயே வரல."

கண் கலங்கியது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, அண்ணாந்து பார்த்து இமையைக் கொட்டிக்கொண்டாள். "அருமை. நீங்கள் ஒரு பக்கம் வாசித்துவிட்டீர்கள்," என்றது பலகை. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஃபிரிட்ஜைத் திறந்து, தக்காளிக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்து மூடினாள். சமையலறைக் கதவைச் சாத்தினாள். கூடத்துக்கு வந்து அந்தக் கதவையும் சாத்தினாள். தம்பிக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு. மெதுவாச் சொல்லு. அதுக்குக் காது நீளம்."

லிப்ட்காரர் சாத்திய கதவை ஒருமுறை பார்த்தார். அக்காவைப் பார்த்தார். இத்தனை நாளாக அவருக்குத் தெரியாமல் இருந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. குனிந்து, அவள் காதோடு சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டாள். பிறகு, "அப்படித்தான் இருக்கணும்," என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் சொன்னது என்ன என்று இங்கேயே எழுதிவிடலாம்தான். நீங்கள் இதை எதில் வாசிக்கிறீர்கள் என்று தெரியவில்லையே.